தலைக்கட்டில் சேராதவர்கள்

2014 ஜூன் மாத நடுவில் புதுச்சேரிக் கரையிலிருந்து ஒரு படகு ஆஸ்திரேலியாவை நோக்கிப் போனது. அதில் 157 பேர். பெரும்பாலோர் ஈழத்தமிழர். பெண்டு பிள்ளைகளோடு குடும்பம் குடும்பமாக ஏறியிருந்தார்கள். ஜூன் கடைசியில், கிறிஸ்துமஸ் தீவு கண்ணுக்கு எட்டும் தொலைவில் வரும்போது, ஆஸ்திரேலியச் சுங்கத்துறை மறித்து ‘ஓஷன் புரொடெக்டர்’ என்ற தன் கப்பலில் அவர்களை ஏற்றிக்கொண்டது. ஏற்றியது கரைசேர்க்க அல்ல. சன்னல் இல்லாத அறைகளில் அடைத்து, ஆண்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து, கப்பலை மறுபடி இந்தியப் பக்கம் திருப்பியது. ஜூலை 10 வாக்கில் இந்தியாவை நெருங்கிய கப்பல், ஆட்களை இறக்க வழி இல்லாமல் ஜூலை 22 வரை கடலிலேயே காத்துக் கிடந்தது. அந்த நாட்களில் ஆஸ்திரேலியக் குடிவரவு அமைச்சர் ஸ்காட் மோரிசன் டெல்லிக்கு வந்து, வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜைப் பார்த்துப் பேசினார். இந்தியக் குடிமக்கள் என்றால் எடுத்துக்கொள்கிறோம், மற்றவர்களைப் பற்றி யோசிக்கிறோம் என்ற அளவில் பேச்சு நின்றது. கடைசியில் கொக்கோஸ் தீவு, அங்கிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் முகாம், அங்கிருந்து விமானத்தில் நவ்ரூ தீவு. நடுக்கடலில் அடைத்து வைத்தது சட்டப்படி சரிதான் என்று 2015 ஜனவரியில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சொன்னது. நாலு நீதிபதிகள் சரி என்றார்கள், மூன்று பேர் தப்பு என்றார்கள்.

அந்தப் பன்னிரண்டு நாட்களை இந்தக் கரை மறக்கக் கூடாது. நம் கரையில் ஏறியவர்கள் நம் நாட்டின் வாசல்வரை கொண்டுவரப்பட்டு, வாசல் திறக்காமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆஸ்திரேலியா தள்ளியது, இந்தியா வாங்கிக்கொள்ளவில்லை. இலங்கைக்கோ அவர்கள் போகத் துணியவில்லை. மூன்று அரசுகளுக்கு நடுவில் 157 உயிர்கள் யார் கணக்கிலும் எழுதப்படாமல் மிதந்தன. இன்று ஐரோப்பிய நாடுகள் அகதிகளை யார் தலையில் கட்டுவது என்று சண்டை போடும் செய்திகளைப் படித்துவிட்டு ‘பாவம் வெள்ளைக்காரன், அவன் பாடு அது’ என்று பேசுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்தச் சண்டையின் ஒரு நுனி நம் மீனவ ஊரான வீராம்பட்டினத்துக்குப் பக்கத்துக் கடலில்தான் கிடக்கிறது.

இந்தத் தலையங்கம் கண்டிப்பது முதலில் டெல்லியை. அடுத்து புதுச்சேரி அரசை. ஐரோப்பாவையும் விட்டுவைக்கப் போவதில்லை. அவர்களுடைய கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால்தான் நம்முடையது எவ்வளவு அழுக்கு என்று தெரியும்.

நம் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவோம். மீனவ ஊர்களில் ஆட்கள் தனித்தனியாக எண்ணப்படுவதில்லை, குடும்பம் தலைக்கட்டாக எண்ணப்படும். கோயில் திருவிழாவா, வழக்குச் செலவா, காணாமல் போன படகைத் தேட டீசல் காசா, பஞ்சாயத்தார் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். கட்டாதவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் நிற்காது. தேடப் போக வேண்டிய நேரத்தில் ‘நான் பணம் கட்டிவிடுகிறேன், என் படகை எடுக்க மாட்டேன்’ என்று ஒருவன் சொன்னால் அவன் அப்புறம் கரையில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. இந்தத் தலைக்கட்டு ஏட்டில் குறையே இல்லை என்று நாம் பீற்றிக்கொள்ளவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணம் வந்தபோது இந்தக் கடற்கரை நெடுகப் பல ஊர்களில் கணவனை இழந்த பெண்களின் பெயர் தலைக்கட்டில் இல்லாமல் விடுபட்டது, அவர்கள் அலைந்தார்கள். ஏட்டில் பெயர் இல்லாதவளின் பாடு எப்படி இருக்கும் என்று நமக்குப் பாடம் எடுக்க வெளியார் வேண்டியதில்லை.

ஐரோப்பாவின் தலைக்கட்டு ஏட்டுக்கு டப்ளின் என்று பெயர். 1990-ல் கையெழுத்தான உடன்படிக்கை. அகதி முதலில் எந்த நாட்டில் கால் வைக்கிறாரோ, பெரும்பாலும் அந்த நாடே அவருடைய மனுவை விசாரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். படகு மோதும் கரை எது? கிரேக்கம், இத்தாலி, மால்டா. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் படகு கரை ஒதுங்காது. ஆக, காற்றும் தொலைவும் முடிவு செய்வதைச் சட்டம் என்று எழுதிவைத்துக்கொண்டார்கள். 2013 அக்டோபரில் லாம்பெதூசா தீவின் அருகே ஒரே படகில் 360-க்கும் மேற்பட்டோர் மூழ்கிச் செத்தபோது ஐரோப்பியத் தலைவர்கள் சவப்பெட்டிகளின் முன்னால் நின்றார்கள். 2015-ல், இத்தாலியிலும் கிரேக்கத்திலும் தேங்கிக் கிடந்தவர்களில் 1,60,000 பேரை மற்ற நாடுகள் பிரித்து எடுத்துக்கொள்ளும் என்று முடிவெடுத்தார்கள். இரண்டு ஆண்டில் எடுத்துக்கொண்டது சுமார் 35,000 பேரைத்தான். போலந்தும் ஹங்கேரியும் செக் நாடும் கையை விரித்தன. அது சட்டமீறல் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020-ல் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் அந்தத் திட்டமே முடிந்துபோயிருந்தது.

2024-ல் புதிய ஒப்பந்தம் நிறைவேறியது, 2026 ஜூன் 12 முதல் நடைமுறை என்று அதிலேயே நாள் குறித்தார்கள். அதில் ‘ஒருமைப்பாடு’ என்ற அழகான சொல் வருகிறது. அதன் பொருளைக் கேளுங்கள். ஒரு நாடு தன் பங்குக்கு அகதிகளை ஏற்றுக்கொள்ளலாம். ஏற்க விருப்பமில்லையா, ஆளுக்கு 20,000 யூரோ கட்டிவிடலாம். அதுவும் வேண்டாமா, ஆட்களோ கருவிகளோ கொடுத்து ஒத்தாசை செய்யலாம். ஆண்டுக்குக் குறைந்தது 30,000 பேர் என்று எண்ணிக்கை, 60 கோடி யூரோ என்று தொகை. பெருக்கிப் பாருங்கள், கணக்குக் கச்சிதமாக உதைக்காமல் வரும். ஆளை எடுக்காமல் இருக்கத் தலைக்கு விலை வைத்து அதைச் சட்டப் புத்தகத்தில் அச்சடித்த முதல் கண்டம் இதுதான் என்று தோன்றுகிறது. பணம் கட்டுவது எதுவும் கட்டாமல் இருப்பதைவிட மேல் என்று சிலர் சொல்வார்கள். அது ஒரு வாதம்தான். ஆனால் படகைத் தேடப் போகாமல் டீசல் காசை மட்டும் நீட்டுகிறவனை நம் பஞ்சாயத்தார் எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் நாம் இதைப் பார்க்க முடியும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே நின்று பேசும் பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே போனது. 2021 அக்டோபரில் தென்னிந்தியக் கரையிலிருந்து கனடாவுக்கு என்று போன ஒரு படகு தத்தளித்து, 89 ஈழத்தமிழர்கள் டியகோ கார்சியா தீவில் இறக்கப்பட்டார்கள். பலர் தமிழ்நாட்டு முகாம்களில் வளர்ந்தவர்கள். தீவு பிரிட்டனுடையது, தளம் அமெரிக்காவுடையது. அகதிகள் உடன்படிக்கை இந்தத் தீவில் செல்லாது என்று லண்டன் சொன்னது. மூன்று ஆண்டுகள் கூடாரத்தில் எலிகளோடு வாழ்ந்தார்கள், சிலர் தற்கொலைக்கு முயன்றார்கள். ஒரு கட்டத்தில் அவர்களை ஆறு மாதத்துக்கு ருமேனியாவில் வைக்கலாமா என்று பேரம் நடந்தது. கடைசியில் 2024 டிசம்பரில், அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அந்தத் தீவின் நீதிமன்றமே சொல்லும் வேளையில், பெரும்பாலோரை லண்டனுக்கு விமானம் ஏற்றினார்கள். ருமேனியாவுக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்? அவரைக்காய் மூட்டையைக் கைமாற்றுகிறவர்கள்கூட அது எந்தச் சந்தைக்குப் போகிறது என்று கேட்டுக்கொள்வார்கள்.

பிரான்சைப் பற்றிப் புதுச்சேரிக்காரர்கள் பேசக் கொஞ்சம் கூச்சப்படுவோம். நம்மில் பல வீடுகளில் ஒருவராவது பிரெஞ்சு ‘நேஷனாலிட்டி’ வைத்திருக்கிறார். 1956 மே 28-ல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு ஒப்பந்தம், இங்கே பிறந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தது. எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமகன், எழுதாவிட்டால் இந்தியக் குடிமகன். ஏறத்தாழ 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ‘சொல்தா’ வீட்டுப் பிள்ளைகள் பாரிஸ் போனார்கள், பென்ஷன் வந்தது, பெண் கேட்டு வரிசை நின்றது. ஒரு கையெழுத்து மூன்று தலைமுறையின் வாழ்வை எப்படித் திருப்பிப் போடும் என்று இந்தியாவிலேயே நன்றாகத் தெரிந்த ஊர் புதுச்சேரிதான். அன்று எழுதிக் கொடுக்கத் தெரியாமல் விட்ட தாத்தாவை இன்றும் திட்டுகிற பேரன்களை நாம் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட ஊர், காகிதம் இல்லாதவனைக் குற்றவாளியாகப் பார்க்கலாமா?

இன்னொன்றும் உண்டு. 1848-ல் அடிமை முறையை ஒழித்த கையோடு, கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாகத் தமிழர்களை ரெயூனியன் தீவுக்கு ஏற்றினார்கள். அவர்கள் வழிவந்தவர்கள்தான் இன்று அங்கே மலபார் என்று அழைக்கப்படும் மக்கள். தீமிதிக்கிறார்கள், பிரெஞ்சு பேசுகிறார்கள். 2018 முதல் அதே ரெயூனியனுக்கு இலங்கையிலிருந்து படகுகள் போய்ச் சேர்ந்தபோது பலரை விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள். கரும்பு வெட்டத் தேவைப்பட்ட நாளில் ஏற்றிச் செல்லக் கப்பல் இருந்தது. உயிர் பிழைக்க வந்த நாளில் திருப்பி அனுப்ப விமானம் இருந்தது.

ஐரோப்பாவைத் திட்டுவது சுலபம். இனி நம் வீட்டுக்கு வருவோம்.

பொறுப்பைப் பகிர்வது என்ற பெயரில் மனிதர்களைப் பங்கு போடும் வித்தையை ஐரோப்பா தொடங்குவதற்கு வெகு முன்பே இந்தியா செய்து காட்டிவிட்டது. 1964 அக்டோபர் 30. இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டார்கள். மலையகத் தமிழர் மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்து, 1974-ல் சரிபாதியாக 75,000, 75,000 என்று பிரித்தார்கள். தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவர்களுடைய தொழிற்சங்கத் தலைவர்களையும் கேட்கவில்லை. அரிசி மூட்டை பிரிக்கிறபோதுகூடப் படி வைத்து அளப்பார்கள், கூடவே ஆள் நின்று பார்ப்பான். இங்கே அதுகூட இல்லை. இந்தியாவுக்கு வர வேண்டியவர்களில் பலருக்குக் காகிதம் முடியும் முன்னே 1983 ஜூலைக் கலவரம் வந்தது. தலைமன்னார்-இராமேசுவரம் கப்பல் 1984-ல் நின்றது. இந்தியா தன் பங்கில் எழுதிக்கொண்ட அந்த மக்களிலேயே கணிசமானோர் அகதி என்ற பெயரில் கள்ளத்தோணியில் வந்து இறங்கினார்கள். தன் பங்காக ஒப்புக்கொண்டவர்களையே சட்டவிரோதக் குடியேறிகள் என்று எழுதிய நாடு உலகத்தில் வேறு எது?

1983 ஜூலையிலிருந்து 2012 ஆகஸ்ட் வரை 3,04,269 பேர் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தார்கள் என்று உள்துறை அமைச்சகத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. போனவர்கள் போக, இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர், முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாழ்பவர்கள் ஏறத்தாழ 34,000 பேர். அதே அறிக்கையில் அடுத்து ஒரு வரி வரும். ஒடிசாவில் 54 பேர். 58,000 ஒரு மாநிலத்துக்கு, 54 இன்னொரு மாநிலத்துக்கு. புதுச்சேரி என்ற பெயரே அந்த வரியில் கிடையாது. இத்தாலிக்கும் போலந்துக்கும் நடுவே உள்ள ஏற்றத்தாழ்வைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இந்த வரியைப் படித்துவிட்டுச் சிரிக்கட்டும். தனுஷ்கோடிக்குப் படகில் சில மணி நேரம், மண்டபத்தில் இறங்கினால் தமிழ் பேசும் மண். படகு மோதிய கரையே சுமை தாங்கட்டும் என்ற டப்ளின் விதி, டப்ளினுக்கு முன்பே இங்கே எழுதப்படாமல் அமலில் இருந்தது.

மையம் பணம் தரவில்லை என்று சொன்னால் அது பொய். தமிழ்நாடு முதலில் செலவு செய்கிறது, நிவாரணச் செலவை மைய அரசு திருப்பித் தருகிறது. 2021-ல் தமிழ்நாடு தன் பங்குக்கு 317 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி, 7,469 வீடுகள் கட்டுவதாக அறிவித்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்த உதவித்தொகை 1,500 ஆனது. அகதிகள் முகாம் என்ற பெயர்ப்பலகை மறுவாழ்வு முகாம் என்று மாறியது. இவை நல்லவை, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கவனியுங்கள், டெல்லி கொடுப்பதும் அந்த 20,000 யூரோ போன்ற காசுதான். காசைக் கொடுக்கிறேன், பெயரை ஏட்டில் எழுத மாட்டேன் என்பதுதான் நாற்பது ஆண்டுகளாக டெல்லியின் கொள்கை.

அந்த ஏடு எப்படிப் பூட்டப்பட்டது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பூட்டை மாட்டியவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். 1955 குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்த குழந்தை, பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியக் குடிமகன். அன்று முதல் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். 2003 திருத்தம் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல்லை உள்ளே நுழைத்து, அந்த முத்திரை விழுந்தவர் மனுப் போட்டும் குடியுரிமை பெற முடியாதபடி கதவைச் சாத்தியது. குண்டுக்குப் பயந்து ஓடிவந்தவரிடம் கடவுச்சீட்டு எங்கே இருக்கும்? எனவே எல்லோர் மேலும் முத்திரை விழுந்தது. விளைவைப் பாருங்கள். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்தவர் நீதிமன்றம் ஏறி இந்தியக் கடவுச்சீட்டு வாங்கலாம், வாக்களிக்கலாம். அப்படி வாங்கி வாக்களித்தவர் உண்டு. அதே முகாமில் 1988-ல் பிறந்த அவர் தம்பி அந்நியன். இரண்டு பேரும் குடித்தது ஒரே குழாய்த் தண்ணீர்.

2019-ல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடு, ஆறு மதம், 2014 டிசம்பர் 31 என்று கெடு. இலங்கை இல்லை. முகாம்களில் இருப்போரில் பெரும்பாலோர் இந்துக்களும் கிறிஸ்தவர்களும்தான். அந்தச் சட்டம் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட அளவுகோலில்கூட இவர்கள் பொருந்துவார்கள், ஆனாலும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். மதத்தை வைத்துக் கதவு திறப்பதே தவறு என்பது நம் நிலை, அதில் மாற்றமில்லை. இலங்கை முஸ்லிமுக்கும் ரோகிங்கியாவுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறோம். ஆனால் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் தாங்கள் சொன்ன காரணத்தையே மதிக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். 2019 ஜூனில், இந்திய வம்சாவளி அகதிகள் தொடுத்த வழக்கில் அவர்களுடைய கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி மதுரை உயர் நீதிமன்றக் கிளை சொன்னது. பரிசீலனையிலேயே ஆண்டுகள் ஓடுகின்றன. 2025 மே மாதம், தண்டனை முடிந்த ஓர் ஈழத்தமிழர் நாடு கடத்த வேண்டாம் என்று கேட்ட வழக்கில், உலகத்து அகதிகளையெல்லாம் தங்க வைக்க இந்தியா சத்திரம் அல்ல என்ற பொருளில் உச்ச நீதிமன்றத்தில் பேச்சு வந்தது. சத்திரம் கட்டிய சமூகத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. தஞ்சாவூர் மண்ணில் சத்திரம் என்பது வசைச்சொல் அல்ல, வழிப்போக்கனுக்குச் சோறு போட்ட இடம்.

2025 செப்டம்பரில் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ் ஒரு விலக்கு வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது கடவுச்சீட்டு இல்லாத குற்றத்துக்கு நடவடிக்கை இல்லை என்பது அதன் சாரம். நாற்பது வருடம் கழித்து ‘உன்னைச் சிறையில் போட மாட்டேன்’ என்று சொல்வதைப் பரிசாக ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். இது தண்டனையிலிருந்து விலக்கு, குடியுரிமை அல்ல. வாக்கு இல்லை, அரசு வேலை இல்லை.

‘ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதுதானே, போர் 2009-லேயே முடிந்துவிட்டதே’ என்று கேட்பவர்களுக்கு: 2025-ல் தமிழ்நாட்டு முகாமிலிருந்து பலாலி விமான நிலையம் வழியாகத் தாயகம் திரும்பிய முதியவர் ஒருவரை, அந்தக் காலத்தில் முறையான அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுப் போன குற்றத்துக்காக இலங்கையில் கைது செய்தார்கள். கண்டனம் எழுந்த பிறகுதான் விட்டார்கள். வந்ததும் குற்றம், போனதும் குற்றம். அதைவிட முக்கியம், முகாமில் பிறந்து முகாமில் படித்து முகாமில் பிள்ளை பெற்றவளுக்கு இலங்கை எப்படித் ‘திரும்பிப் போகும்’ ஊர் ஆகும்? அவள் அங்கிருந்து வரவே இல்லையே.

இன்னொரு சாக்கும் சொல்வார்கள். 1991 மே 21. ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு முகாம்கள் காவல்துறையின் கண்ணுக்குள் போயின. குற்றம் செய்தவர்கள் விசாரிக்கப்பட்டார்கள், தண்டனை அனுபவித்தார்கள், 2022-ல் கடைசியாக இருந்தவர்களும் விடுதலை ஆனார்கள். தண்டனை பெற்றவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அந்த ஆண்டில் பிறக்கவே இல்லாத பிள்ளைகள் இன்னும் கணக்கெடுப்பு நாளில் வருவாய்த்துறை ஊழியர் முன்னால் வரிசையில் நின்று முகம் காட்டுகிறார்கள். 140 கோடி மக்கள் உள்ள நாடு என்று சொல்லிக் கை விரிப்பவர்கள் 58,000-ஐ 140 கோடியால் வகுத்துப் பார்க்கட்டும். சமையலில் போடும் உப்பைவிடக் குறைவு.

இப்போது புதுச்சேரி அரசே, உன்னிடம் பேசுகிறோம்.

2020 பிப்ரவரி 12-ல் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகப் புதுச்சேரி சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஒன்றியப் பிரதேசங்களில் முதலாவது என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். தீர்மானம் போட்டவர்களும் அதற்குப்பின் ஆட்சிக்கு வந்தவர்களும் அடுத்து என்ன செய்தார்கள்? காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தைத் தாண்டி வடக்கே சில கிலோமீட்டர் போனால் கீழ்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் அய்யனாருக்குப் பொங்கல் வைக்க நம் ஊர்க்காரர்கள் வேன் பிடித்துப் போகிற இடம். அந்தக் கோயிலிருக்கும் ஊரிலேயே ஈழத்தமிழர் முகாமும் இருக்கிறது. பூசணிக்காய் உடைத்துவிட்டு வருகிறவர்கள் அந்தத் தெருவுக்குள் திரும்பிப் பார்ப்பதில்லை. முகாம் ஆண்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது சுவருக்கு வண்ணம் பூசும் கூலி வேலை. பட்டம் வாங்கியவரும் ஏணி ஏறித்தான் ஆக வேண்டும். பிரெஞ்சு வீதிகளின் மஞ்சள் சுவர்களைப் பார்த்துச் சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். அந்தச் சாயத்தைப் பூசியது யார் என்று ஒரு நாள் நின்று கேளுங்கள்.

முகாம் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று கோப்பில் எழுதுவார்கள். இதைத்தான் போலந்து சொன்னது, இதைத்தான் ஹங்கேரி சொன்னது. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் அவர்கள் உழைப்பு வேண்டும், அந்தப் பக்கம் அவர்கள் பொறுப்பு இருக்க வேண்டும். குடியுரிமை கொடுக்கும் அதிகாரம் புதுச்சேரிக்கு இல்லை என்பது நமக்குத் தெரியும். படிக்க இடம் கொடுக்கும் அதிகாரம் இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் கலந்தாய்வில் முகாம் பிள்ளைகளுக்குச் சில இடங்களை ஒதுக்க முடியும். இந்த ஊரில் கூலி வேலை செய்கிறவர் ஏணியிலிருந்து விழுந்தால் நலவாரியத்தில் சேர்த்து உதவ முடியும். கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு டெல்லி போய், ‘எங்கள் பங்குக்கு இத்தனை குடும்பங்களை நாங்கள் ஏற்கிறோம், அவர்கள் பெயரை எழுதுங்கள்’ என்று கேட்க முடியும். ஒடிசாவின் 54-க்கு நேராகப் புதுச்சேரி என்று ஒரு வரி வரட்டும். அந்த வரியில் எத்தனை எண் என்று பேசிக்கொள்ளலாம்.

டெல்லியிடம் கேட்பது இதைவிடக் கனமானது, அதைச் சுற்றி வளைக்காமல் கேட்கிறோம். 1983-க்குப் பிறகு வந்து பதிவு செய்துகொண்ட ஒவ்வொரு ஈழத்தமிழர் பெயரிலிருந்தும் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற முத்திரையை எடு. இந்த மண்ணில் பிறந்தவருக்கு 1987 என்ற வேலியைத் தூக்கிவிட்டுக் குடியுரிமை கொடு. 1964-லும் 1974-லும் உன் பங்கு என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவர்களின் வாரிசுகளுக்கு மனுகூடக் கேட்காதே, ஒப்பந்தம் உன்னிடமே இருக்கிறது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடாக, அகதிக்கு என்று ஒரு சட்டம்கூட இல்லாத நாடாக இனியும் இருக்காதே. திரும்பிப் போக விரும்புகிறவர்களுக்கு, அவர்கள் அங்கே கைதாக மாட்டார்கள் என்று கொழும்பிடம் எழுத்தில் வாங்கிக் கொடு. இதில் ஒன்றும் பெருந்தன்மை இல்லை. கடன் பாக்கி.

ஐரோப்பாவிடமும் நம் வாசலில் இருந்தே கேட்க முடியும். புதுச்சேரியில் பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கிறது. நேஷனாலிட்டி வைத்திருப்பவர்கள் அதிபர் தேர்தலுக்கு இங்கிருந்தே வாக்களிக்கிறார்கள், ஜூலை 14-ல் கொடியேற்றுகிறார்கள். ரெயூனியனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களின் மனுக்களை ஒழுங்காக விசாரித்தார்களா என்று பாரிசில் கேள்வி கேட்க வாக்குரிமையுள்ள தமிழர்கள் இந்தத் தெருக்களில்தான் இருக்கிறார்கள். தாத்தா போட்ட கையெழுத்தின் பலனை அனுபவிக்கிறவர்கள், கையெழுத்துப் போட இடம் கிடைக்காதவர்களுக்காக ஒரு கடிதம் எழுதலாம். இதுவரை அப்படி ஒரு கடிதம் எழுதியதாக நம் காதுக்கு எட்டவில்லை.

நம் ஊரையும் சொல்லாமல் விட முடியாது. அரிக்கமேட்டில் யவனர் சாடியின் உடைசல் கிடைத்தது என்று வெளியூர்க்காரர்களுக்குக் காட்டி மகிழ்கிறோம். அந்நியன் வந்து இறங்கியதைப் பெருமையாகச் சொல்கிற ஊர், கீழ்புத்துப்பட்டுக்காரன் கூலி கேட்டால் இருபது ரூபாய் குறைத்துக் கொடுக்கிறது. போலீசில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிற மேஸ்திரிகளும் உண்டு. அவர்களையும் சேர்த்துத்தான் கண்டிக்கிறோம்.

ஆடி ஐந்தாம் வெள்ளியன்று வீராம்பட்டினத்தில் செங்கழுநீரம்மன் தேர் புறப்படும். ஆளுநரும் முதலமைச்சரும் வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக் கவர்னர் காலத்திலிருந்து வரும் வழக்கம். இந்த முறை அவர்கள் மாலை வாங்கிக்கொண்டு கிளம்பும் முன், கீழ்புத்துப்பட்டு முகாமிலிருந்தும் நாலு குடும்பங்களை வரவழைத்து வடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தும்படி ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம். டெல்லிக்கு அனுப்பிய கோரிக்கையின் நகலும், சென்டாக் ஒதுக்கீட்டு ஆணையும் கையில் இருந்தால் முதலமைச்சர் அதை அவர்களிடமே கொடுக்கட்டும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று அவர்கள் முகத்தைப் பார்த்து அங்கேயே சொல்லட்டும். தேர் அதுவரை காத்திருக்கும்.